ஐஸ் வாளி வாங்கும் முன்: மலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் மூன்று அறைகள் உள்ள ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அதற்கு முன் உதகையில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருடம் பரிமாறும் பிரிவில் வேலை பார்த்தேன். புதிதாக ஹோம்ஸ்டே தொடங்குபவர்கள், எஸ்டேட் பங்களாவில் வரவேற்பு வைக்கும் குடும்பங்கள், வெளிநாட்டிலிருந்து வந்து கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடு கட்டிக் குடியேறியவர்கள் என்று பலரும் ஐஸ் வாளி பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃப்ரிட்ஜ் இருக்கும்போது ஐஸ் வாளி எதற்கு? அதுவும் இந்தக் குளிரில்?

உள்ளூர்க்காரர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ஜனவரி விடியற்காலையில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தோன்றத்தான் செய்யும். ஆனால் விருந்தாளிகள் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது பகலில் வீட்டுக்குள் இருக்கும் பாட்டில் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். ஒயிட் ஒயினுக்கு வேண்டியது 8 முதல் 10 டிகிரி.

ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்தக் குளிர்ச்சி வர இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் இருபது நிமிடம் போதும். சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு இந்த வித்தியாசம் பெரிது. அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைக்கலாமே என்பார்கள். வைத்துவிட்டு மறந்துபோவதுதான் அதில் ஆபத்து. 12 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயின் மைனஸ் 5 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கிவிடும். வீட்டு ஃப்ரீசரோ மைனஸ் 18-இல் ஓடுகிறது. எங்கள் வீட்டில் தங்கியவர் ஒருவர் ராத்திரி வைத்த பாட்டில் காலையில் வெடித்துக் கிடந்தது. உரித்து வைத்திருந்த பச்சைப் பட்டாணி முழுக்கக் கண்ணாடித் துகள். அத்தனையையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது.

ஒரே வாளியில் பாட்டிலையும் வைத்துக்கொண்டு, கிளாஸில் போடவும் அதிலிருந்தே ஐஸ் எடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலின் வெளிப்பக்கம் குடோனில் அடுக்கப்பட்டு, லாரியில் ஏறி, பத்துப் பேர் கைபட்டு வந்தது. அதை முக்கிவைத்த தண்ணீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரிதான். அந்த ஐஸ் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் குளிர்ச்சியால் கிருமி சாவதில்லை. அந்தக் கட்டியை எடுத்துக் குழந்தையின் ஜூஸில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் கிளாஸை வாங்கிக் கொட்டினேன்.

சுத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலைகள். கிளாஸுக்கு ஐஸ் வைக்கும் வாளியில் ஐஸ் உருகக் கூடாது. உருகிய கொஞ்ச நீரும் கீழே வடிந்து, கட்டிகள் காய்ந்து தனித்தனியாக நிற்க வேண்டும். அதற்கு மூடி வேண்டும், இரட்டைச் சுவர் வேண்டும், அடியில் ஓட்டை போட்ட வடிதட்டு வேண்டும். பாட்டிலைக் குளிர வைக்கும் வாளியிலோ ஐஸ் உருகியாக வேண்டும். உருகும்போதுதான் அது பாட்டிலின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அங்கே தண்ணீர் நிற்க வேண்டும், வடிதட்டு வேண்டவே வேண்டாம், மூடி போடவும் முடியாது. கடையில் 'ஐஸ் பக்கெட்' என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த வேலைக்கு என்று முடிவு செய்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளாஸுக்கான வாளியை வாங்குங்கள். பாட்டிலை முக்க வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தூக்குவாளியோ ஆழமான குண்டாவோ போதும்.

பாட்டில் வாளி எந்த அளவில் இருக்க வேண்டும்?

காலி பாட்டில் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வாளிக்குள் நிறுத்திப் பாருங்கள். பாட்டிலின் தோள் வரை, அதாவது உடம்பு முடிந்து கழுத்துக்குச் சரியும் இடம் வரை, வாளிக்குள் இருக்க வேண்டும். கழுத்து மட்டும் வெளியே நின்றால் சரியான உயரம். சாதாரண ஒயின் பாட்டில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம், ஏழரை சென்டிமீட்டர் அகலம். எனவே வாளி 20 முதல் 22 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் சரியாக வரும். வாய் அகலமும் அதே அளவில் இருக்கட்டும். பாட்டிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடம் இருந்தால்தான் ஐஸ் இறங்கும்.

ஷாம்பெயின் மாதிரி நுரைக்கும் ஒயின் பாட்டில் இன்னும் பருமன், ஒன்பது சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். கண்ணாடியும் தடிமன், எடையும் அதிகம். இரண்டு பாட்டில் வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும் பல வாளிகளில் இந்த வகையில் ஒன்றுதான் நிற்கிறது.

அப்புறம் கைப்பிடி. ஐஸும் தண்ணீரும் பாட்டிலும் சேர்ந்தால் ஆறு கிலோ வரை வரும். ஈரக் கையோடு அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டும். மலை வீடுகளில் சமையலறைக்கும் முற்றத்துக்கும் நடுவே நாலு படியாவது இல்லாத வீடு எது? ஒட்டவைத்த சின்னக் குமிழ் மாதிரியான பிடிகள் அழகாக இருக்கும், ஆனால் விரல் நுழையாது. நாலு விரலும் உள்ளே போகும் வளையமாகப் பார்த்து வாங்குங்கள். பிடி உடம்போடு சேரும் இடத்தில் பற்றவைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.

எவர்சில்வர், செம்பு, பித்தளை, கண்ணாடி, அக்ரிலிக்: எது நல்லது?

நான் எவர்சில்வர் பக்கம். உடையாது, கறுக்காது, எலுமிச்சை பட்டாலும் ஒன்றும் ஆகாது, பாத்திரம் தேய்க்கிற பொடியாலேயே தேய்க்கலாம். ஆனால் எவர்சில்வரிலேயே ரகம் உண்டு. 304 என்று முத்திரை இருந்தால் அதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 என்பதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். விலையும் குறைவு. ஈரத்திலேயே கிடந்தால், முக்கியமாக உப்பு பட்டால், 202 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப் பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் காட்டுவார். அந்தச் சோதனை போதாது. 304-இலும் காந்தம் ஒட்டாது, 202-இலும் பெரும்பாலும் ஒட்டாது. முத்திரையைப் பாருங்கள், கனத்தைப் பாருங்கள்.

செம்பும் பித்தளையும் மேசைக்கு அழகு. விளக்கு வெளிச்சத்தில் அந்த நிறத்துக்கு ஈடில்லை. பாட்டிலுக்கு மட்டும் என்றால் தாராளமாக வைக்கலாம். கிளாஸில் போடும் ஐஸ் அதில் நேராகப் படக் கூடாது. எலுமிச்சை, ஒயின் போன்ற புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு நம் பாட்டிமார் ஈயம் (வெள்ளீயம்) பூசச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே ஈயம் பூசியதாகவோ எவர்சில்வர் உள்வாளி வைத்ததாகவோ இருந்தால் கவலையில்லை.

அக்ரிலிக் லேசாக இருக்கும், கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி சிதறாது. ஆனால் கீறல் விழும். வெந்நீர் ஊற்றிக் கழுவினால் நாளடைவில் மெல்லிய விரிசல் ஓடும். இரண்டு வருடத்தில் மங்கிப்போன ஒன்று எங்கள் வீட்டில் இப்போது கிளிப் போடும் டப்பாவாக இருக்கிறது. கண்ணாடி வாளியை நான் வாங்கவே மாட்டேன். ஐஸ் கட்டியும் இடுக்கியும் மோதிக்கொண்டே இருக்கும் பாத்திரத்துக்கு அது பொருந்தாது.

இரட்டைச் சுவர் வாளிக்கு அதிகம் கொடுக்கலாமா?

கிளாஸுக்கான வாளி என்றால் கொடுக்கலாம். இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் காற்று சூட்டை உள்ளே விடாது, அதனால் ஐஸ் நீண்ட நேரம் தாங்கும்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு: வேர்ப்பது. ஜூன் தொடங்கிவிட்டால் நீலகிரியில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும். காற்று முழுக்க ஈரம். ஒற்றைச் சுவர் வாளியில் ஐஸ் போட்ட ஐந்தாவது நிமிடம் வெளிப்பக்கம் நீர்த்துளி கோர்த்துச் சொட்டத் தொடங்கிவிடும். எங்கள் மாமனார் காலத்துத் தேக்கு மேசையில் வெள்ளை வளையம் ஒன்று விழுந்திருக்கிறது. ஒரே ஒரு மாலை வாளியை அப்படியே வைத்ததால் வந்தது. பாலிஷ் போட்டும் முழுதாகப் போகவில்லை. ஒற்றைச் சுவர் வாளிதான் இருக்கிறது என்றால் அடியில் விளிம்பு உள்ள தட்டு வைத்து, தட்டில் மடித்த துண்டு விரியுங்கள். வெறும் தட்டு மட்டும் வைத்தால் நீர் நிறைந்து, வாளியைத் தூக்கும்போது மடியில் கொட்டும்.

ஐஸ் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

வெறும் ஐஸில் பாட்டிலைச் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பார்க்க அழகாக இருக்கும், குளிராது. ஐஸ் கட்டி பாட்டிலை அங்கங்கே புள்ளியாகத்தான் தொடுகிறது. நடுவில் இருப்பதெல்லாம் காற்று. காற்றை விடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். எனவே வாளியில் பாதிக்கு மேல் ஐஸ் போட்டு, பாட்டிலை வைத்து, பாட்டிலின் தோள் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பாட்டிலைக் கையால் சுற்றி விட்டால் ஐஸுக்குள் தடையில்லாமல் சுழல வேண்டும். அதுதான் சரியான பதம்.

இதில் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும். முக்கால் லிட்டர் ஒயினையும் அதன் பாட்டிலையும் 20 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு இறக்க, ஏறத்தாழ 125 கிராம் ஐஸ் உருகினால் போதும். ஒரு டம்ளர் கூட இல்லை. அப்படியென்றால் மீதி ஐஸ் எங்கே போகிறது? நாம் ஊற்றும் தண்ணீரைக் குளிர வைக்கத்தான். 16 டிகிரியில் உள்ள ஒன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரை ஐஸ் பதத்துக்குக் கொண்டுவர 300 கிராம் ஐஸ் உருகும். சென்னையில் அதே தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும். அங்கே 560 கிராம் வேண்டும். மலைத் தண்ணீர் நமக்குப் பாதி ஐஸை மிச்சம் பிடித்துத் தருகிறது. ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோ ஐஸ் இருந்தால் இங்கே மாலை முழுவதும் தாங்குகிறது. மொட்டைமாடித் தொட்டியில் பகல் வெயில் பட்ட தண்ணீரை மட்டும் பிடிக்காதீர்கள். முதல் நாள் இரவே ஒரு குடம் பிடித்து வெளித் திண்ணையில் மூடி வைத்துவிட்டால் அதைவிடக் குளிர்ந்த நீர் கிடைக்காது.

கழுத்துப் பகுதி தண்ணீருக்கு மேலே இருப்பதால் முதல் கிளாஸ் கொஞ்சம் சூடாக வரும். நுரைக்காத ஒயின் என்றால், மூடி திறக்கும் முன் பாட்டிலை ஒருமுறை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்துங்கள், சரியாகிவிடும்.

உப்பு போட்டால் சீக்கிரம் குளிருமாமே?

உண்மைதான். உப்பு கலந்த நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாது, அதனால் வாளி முழுவதும் இன்னும் குளிர்ந்த நீராகிறது. குச்சி ஐஸ் வண்டிக்காரர்கள் காலங்காலமாகச் செய்த வேலைதான். ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு, பாட்டிலை அவ்வப்போது சுற்றிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடியும். மூன்று எச்சரிக்கைகள் மட்டும். அந்த ஐஸ் கிளாஸுக்கு ஆகாது. மறந்துவிட்டால் ஒயின் மரத்துப்போகிற அளவு குளிர்ந்து வாசனையே தெரியாது. வாளியை அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். எவர்சில்வருக்கு உப்பை விடப் பெரிய எதிரி இல்லை.

ரெட் ஒயினையும் வாளியில் வைக்க வேண்டுமா?

இங்கே வேண்டாம். ரெட் ஒயினை 'அறை வெப்பத்தில்' கொடுக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கல் வீடுகளை மனதில் வைத்துச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி. சென்னை, மதுரைக்காரர்கள் அதை நம்பி 32 டிகிரியில் ஊற்றி, நெடி மூக்கில் ஏறி, ஒயினே பிடிக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கால் மணி நேரம் ஐஸில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் வருடத்தில் பெரும்பகுதி மாலை நேரத்து வீடே அந்தக் கணக்கில் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றினால் போதும்.

டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். அலமாரியில் பாட்டில் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். ரெட் ஒயின் அவ்வளவு குளிர்ந்தால் துவர்ப்பு மட்டும் நாக்கில் ஒட்டும். அப்போது அதே வாளியில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பாட்டிலை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கணப்பு அருகில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் ஜில்லென்று இருக்கும்.

மற்றவற்றுக்கு நான் பின்பற்றும் அளவு இது. நுரைக்கும் ஒயின் 6 முதல் 8 டிகிரி, இனிப்பு ஒயினும் அப்படியே. லேசான ஒயிட் 8 முதல் 10. ரோஸ் ஒயின் 10-ஐ ஒட்டி. கனமான ஒயிட் 10 முதல் 13. சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாலு முறை கையால் தொட்டுப் பழகினால் தெரிந்துவிடும்.

ஐஸ் இல்லாமல் மண் கூஜாவில் பாட்டிலைக் குளிர வைக்கலாமா?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் முடியும். மெருகு பூசாத மண் குடுவையை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலை அதற்குள் நிறுத்தினால், ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். மூட்டமான நாளில் ஈரம் ஆவியாகப் போக இடமே இல்லை. அப்போது அது வெறும் ஈர மண் சட்டிதான்.

இரட்டைச் சுவர் உள்ள குறுகலான எவர்சில்வர் குழாய் போன்ற ஒன்றும் கடையில் கிடைக்கிறது. ஐஸ் தேவையில்லை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும். சூடான பாட்டிலை அது குளிர வைக்காது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, மலை ஊரில், வாளியே வாங்காமல் இது ஒன்று போதும் என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நுரைக்கும் ஒயின் இங்கே அதிகம் பொங்குகிறதே, ஏன்?

உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பாட்டிலுக்குள் இருக்கும் வாயுவை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் கை தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பாட்டில். வந்த அன்றே திறக்காமல் ஒரு நாள் நிற்க விடுங்கள். ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரமாவது வையுங்கள். குளிர்ந்த திரவம் வாயுவை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். திறக்கும்போது கட்டைவிரல் கார்க்கை விட்டு நகரக் கூடாது. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். சத்தமாக வெடிப்பது சினிமாவுக்குச் சரி. அந்தக் கார்க் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

முப்பது பேர் விருந்து. எத்தனை வாளி வாங்க வேண்டும்?

வாங்கவே வேண்டாம். கல்யாண சமையலுக்கு வாடகைக்குக் கிடைக்கும் அகலமான அலுமினிய அண்டா இரண்டு எடுங்கள். ஒன்றில் ஒயின், பீர். மற்றொன்றில் சோடா, ஜூஸ். ஒரே அண்டாவில் கலந்து வைத்தால் சிறுவர்கள் கையை விட்டு எதையாவது எடுப்பார்கள். பாட்டில் அண்டாவுக்குப் பார் ஐஸ், அதாவது பாளமாக வரும் பெரிய ஐஸ், உடைத்துப் போட்டால் போதும். கிளாஸுக்கு ஒருவருக்கு அரை கிலோ நல்ல ஐஸ் என்று கணக்கு வைக்கிறேன். மே மாதப் பகல் விருந்து என்றால் முக்கால் கிலோ. அதை மூடியுள்ள இரண்டு வாளிகளில் பிரித்து வைத்து, ஒன்று காலியானதும் மற்றொன்றை மேசைக்குக் கொண்டுவந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வாளியிலும் இடுக்கியோ கைப்பிடியுள்ள சின்னக் கரண்டியோ கட்டாயம் இருக்கட்டும். இடுக்கியின் முனை பல் வைத்ததாக இருக்க வேண்டும். வழவழப்பான முனையில் ஐஸ் வழுக்கும், இரண்டு முறை வழுக்கினால் யாராக இருந்தாலும் விரலை விட்டுவிடுவார்கள். கண்ணாடி கிளாஸால் ஐஸை அள்ளவே கூடாது. விளிம்பு தெறித்து உள்ளே விழுந்தால் ஐஸுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படி நடந்தால் வாளி முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ஐஸ் எங்கே வாங்குவது? கரண்ட் போனால்?

மீன் கடைக்கு வரும் பார் ஐஸ் குடிப்பதற்கானது இல்லை. அதைப் பாட்டில் அண்டாவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கிளாஸுக்கு வேண்டியதை வீட்டிலேயே செய்வதுதான் நிம்மதி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தட்டில் ஊற்றி, உறைந்ததும் எடுத்து மூடியுள்ள டப்பாவில் சேர்த்துக்கொண்டே வந்தால் மூன்று நாளில் ஐந்து கிலோ சேர்ந்துவிடும். மீன், கறி வைத்த ஃப்ரீசரில் திறந்து வைக்காதீர்கள். ஐஸ் அந்த வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

கடையில் வாங்கப் போனால் தூக்குவாளியை எடுத்துப் போங்கள். இந்த மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பையில் கட்டிக் கொடுப்பதை எதிர்பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. பிளாஸ்டிக் டம்ளரும் அப்படித்தான்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. அதற்கு ஒரு தெர்மோகோல் பெட்டி வைத்திருங்கள். ஐஸை அதில் நிரப்பி, பெட்டியைப் பழைய கம்பளியால் சுற்றுங்கள். கம்பளி சூடு தரும், ஐஸ் உருகிவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். கம்பளி சூடு தருவதில்லை, வெளிச்சூட்டையும் உள்ளே விடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த ஐஸ், சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறங்கியது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கும் கட்டடம்தான் அது. மாதக்கணக்கில் கடலில் வந்த ஐஸே மரத்தூளில் தாங்கியது என்றால், நம் கம்பளியில் ஒரு ராத்திரி தாங்காதா?

எங்கள் வீட்டில் மது கிடையாது. ஐஸ் வாளி வீண் செலவா?

இல்லவே இல்லை. எங்கள் வீட்டில் வாளி அதிகம் வெளியே வருவது ஐஸ் டீக்குத்தான். பல ஊர்த் தேயிலையில் போட்ட டீ குளிர்ந்ததும் கலங்கிப்போகும். நீலகிரித் தேயிலை பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். நம் கையில் இருக்கும் பெரிய வரம் அது. கொஞ்சம் திடமாக டிகாஷன் இறக்கி, ஆறவைத்து, கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு அதன் மேல் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். சீசனில் பிளம்ஸை வேகவைத்து வடிகட்டிய சாறும், கொடைக்கானல் பக்கத்து பாஷன் ஃப்ரூட்டும் இதே மாதிரிதான். உருகிய நீர் சேராத காய்ந்த ஐஸ் இருந்தால் எந்த ஜூஸும் நீர்த்துப்போகாது. வடிதட்டு உள்ள வாளியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

ஹோம்ஸ்டேயில் நாங்களே ஒயின் பரிமாறலாமா?

உரிமம் இல்லாமல் மது விற்கவோ, அதற்குக் காசு வாங்கவோ கூடாது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட ஒயினையும் விற்கக் கூடாது. விருந்தாளி தானே கொண்டுவந்ததற்கு வாளியும் ஐஸும் கிளாஸும் கொடுப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது கிடையாது, அதில் விட்டுக்கொடுப்பதில்லை. குடித்தவர் ராத்திரி காரை எடுக்காமல் இருக்கச் சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. இந்த வளைவுகளில் கீழே போனால் பள்ளம்தான்.

வெளியே புல்வெளியில் வைக்க ஸ்டாண்ட் வாங்கலாமா?

மூன்று கால் ஸ்டாண்டாக வாங்குங்கள். நம் புல்வெளி எதுவும் சமமாக இருக்காது. நான்கு கால் ஆடும், மூன்று கால் ஆடாது. உயரம் நாற்காலியின் கைப்பிடி அளவு போதும். அதற்கு மேல் போனால் காற்றுக்குச் சாயும். பகலில் குரங்கு வந்தால் பளபளப்பான மூடியும் நறுக்கிய பழமும் முதலில் போகும். விருந்து முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ராத்திரியில் கரடி நடமாட்டம் இருக்கிறது. மிச்சமான ஜூஸும் பழத்தோலும் வெளியே கிடந்தால் அதற்கு அழைப்பு வைத்த மாதிரி.

கழுவி வைப்பது எப்படி?

மிதமான நீர், பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. உலோக நார் வேண்டாம். வடிதட்டைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள், வழவழப்பு படிவது அங்கேதான். இரட்டைச் சுவர் வாளியை நீரில் முழுதாக அமுக்கி ஊறவைக்காதீர்கள். இணைப்பு வழியாக நடுவில் நீர் இறங்கிவிட்டால் வெளியே வராது, ஆட்டினால் சளசளவென்று சத்தம் கேட்கும். துடைத்ததும் மூடி போட்டு உள்ளே வைத்துவிடாதீர்கள். மூட்டக் காலத்தில் இரண்டே நாளில் உள்ளே பூசண வாடை வந்துவிடும். கவிழ்க்காமல், வாயைத் திறந்தபடி, அடுப்படி அருகில் ஒரு நாள் உலர விடுங்கள்.

காலி பாட்டில்களை என்ன செய்வது?

தூக்கி எறியாதீர்கள். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி, 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். அந்தப் பணம் திரும்பக் கிடைக்கப் பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் முக்கியம். ஐஸ் தண்ணீரில் ஊறினால் காகிதமெல்லாம் உரிந்து வாளியின் அடியில் கிடக்கும். ஆகவே பாட்டிலை முக்கும் முன் ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊறி உரிகிற மாதிரி இருந்தால் பாட்டிலை எடுத்ததும் துண்டால் ஒற்றி, அந்த இடத்தைக் கை படாமல் காயவிடுங்கள்.